அக்கா இல்லாத நாடகம்

போன ஆனி மாதம் திருப்பதியில் என் நாடகம் ஒன்றைத் தெலுங்கில் போட்டார்கள். முப்பது வருடமாக டொரண்டோவில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷில் நாவலும் நாடகமும் எழுதுகிறவனுக்கு, சொந்த ஊர்ப் பக்கத்தில் தன் நாடகம் மேடையேறுவதை விட வேறென்ன வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். எனக்கோ அந்த நாள் வராமலே போனால் தேவலை என்றிருந்தது. என் அக்கா அதைப் பார்க்க வருவதாக இருந்தாள். தனியாகவும் இல்லை. பங்காருபாளையத்தில் அவள் தெருவிலிருந்து எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வர வேன் பேசிவிட்டாள். “என் தம்பி என்னைப் பத்தி எழுதின நாடகம்” என்று பால்காரர் முதல் மாங்காய் வியாபாரி வரை சொல்லி வைத்திருந்தாள்.

அந்த நாடகத்தில் அக்கா இல்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

எப்படி இல்லாமல் போனாள் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சென்னைக்குப் போனால் தெலுங்குக்காரன் என்பார்கள், திருப்பதி காலேஜ் ஹாஸ்டலில் அரவவாடு, அதாவது தமிழன், என்பார்கள். டொரண்டோவில் போய் இறங்கிய முதல் வாரம், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கடையில் அரிசி வாங்கும்போது, “தம்பி எந்த இடம்?” என்று கேட்டார். ஆந்திரா என்றேன். “பிறகு எப்படித் தமிழ் கதைக்கிறீர்?” என்று சந்தேகமாகப் பார்த்தார். எங்கே போனாலும் விளக்கம் சொல்லியே தொண்டை வறண்டவன் நான். இங்கிலீஷில் எழுத ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே எல்லோருக்கும் நான் ஒரே மாதிரி அந்நியன்.

தமிழ் எழுத்துகூட எனக்கு அங்கேதான் வந்தது. என் மகளை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், பின் பெஞ்சில் உட்கார்ந்து நானும் எழுதிப் பழகினேன். அக்காவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஏழாவது வரை தெலுங்கில் படித்தாள். தெலுங்குப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிப்பாள். வாய் நிறையத் தமிழ் பேசுவாள், ஆனால் ஒரு தமிழ் பஸ் போர்டு படிக்கத் தெரியாது.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் டிகிரி முடித்துவிட்டு வெளிநாட்டில் மேல்படிப்பு என்று கிளம்பியபோது இரண்டு முறை விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது முறை விண்ணப்பம் போட்ட அன்று, நானே என் வாயால், எல்லோரும் கேட்க, “விசா கிடைச்சா மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டேன். அம்மா உடனே மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கள் பக்கத்தில் வேண்டுதல் என்பது விளையாட்டல்ல. திருப்பதி மலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வெளியூர்க்காரர்களுக்கு வழி உண்டு, எங்களுக்கு இல்லை.

விசா கிடைத்துவிட்டது. பத்து நாளில் விமானம். சென்னையில் டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் பேச்சுவாக்கில் என் வேண்டுதலைக் கேட்டதும் பதறிப்போனார். “மொட்டை கிட்டை போட்டுக்கினு வந்து நிக்காதே ராஜா. பாஸ்போர்ட் போட்டோவுல அவ்ளோ முடி வெச்சிருக்கே. முகம் ஒத்து வரலைன்னா அப்படியே திருப்பி அனுப்பிடுவான்.” அது உண்மையா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு வேதவாக்கு. எனக்கு அடர்த்தியான சுருட்டை முடி. அதைப் போய்க் கொடுக்க வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அழ ஆரம்பித்தாள். வேண்டுதலைத் தீர்க்காமல் கடல் தாண்டினால் விமானம் என்ன ஆகுமோ என்று அவளுக்கு பயம். நைனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

“நான் குடுத்துட்டு வரேன். சாமிக்கு யார் தலைன்னு இன்னா கணக்கு? ஒரே வூட்டு முடிதானே.”

அக்காவுக்கு முடி இடுப்புக்குக் கீழே வரும். அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். சத்தியவேட்டுப் பக்கத்து மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார். அம்மா கெஞ்சினாள். “பொம்பளைங்க மூணு கத்திரி குடுத்தா போதும்டி. மலையில அதையும் ஒத்துக்கிறாங்க.” மூன்று கத்திரி என்றால் முடியின் நுனியில் மூன்றே வெட்டு.

“அவன் வேண்டிக்கினது மொட்டை. மூணு கத்திரி இல்லை” என்றாள் அக்கா.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டாம் அக்கா என்று சொல்லியிருக்கலாம். நிச்சயதார்த்தம் முடியட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு விமானம் ஏற வேண்டும், அவ்வளவுதான். யார் தலையானாலும் சரி என்று இருந்தேன்.

மலைக்கு நாங்கள் இருவரும்தான் போனோம். மொட்டை போடும் கல்யாணகட்டாவில் வரிசையில் நின்று அவள் உள்ளே போனாள். நான் வெளியே காத்திருந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் தடவிக்கொண்டு, புடவைத் தலைப்பைத் தோளில் அப்படியே விட்டுவிட்டு, ஈரக் கழுத்தோடு வந்தாள். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “முட்டைக்கு மூக்குத்தி போட்ட மாதிரி இருக்கேக்கா” என்றேன். அவளும் சிரித்தாள், என் முதுகில் ஒன்று வைத்தாள். “அடுத்த தபா வரும்போது உன்னுதைக் குடுத்துடு, மறக்காதே” என்றாள். சரி என்றேன். லட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கினோம்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் மொட்டைப் பெண்கள் அதிசயமில்லை. எந்த பஸ்ஸில் ஏறினாலும் நாலு பேர் இருப்பார்கள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஆசை, மருமகளுக்கு இடுப்பு வரை பூ வைத்து ஜடை தைத்துக் கல்யாணம் செய்ய வேண்டும் என்று. “முடி வளரட்டும்மா, ஒரு வருஷம் போவட்டும், இன்னா இப்போ?” என்று நல்லபடியாகத்தான் சொன்னார்களாம். அந்த ஒரு வருடத்துக்குள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். நான் அப்போது டொரண்டோவில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மா போனில் சொன்னாள். “ஐயோ” என்றேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, மனைவியை இழந்த ஒருவருக்கு அக்காவைக் கொடுத்தார்கள். பங்காருபாளையத்தில் ஐந்து ஏக்கர் மாந்தோப்பு. மாமா நல்ல மனிதர், அதை மறுக்க மாட்டேன். மூத்தாளின் மகளை அக்கா வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள். மாமா போய்ச் சேர்ந்து ஆறேழு வருடமாகிறது. தோப்பை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

நான் இடையில் ஏழெட்டு முறை ஊருக்கு வந்தேன். ஒவ்வொரு முறையும் மலைக்குப் போனேன், முடி கொடுக்கவில்லை. முதல் முறை குடியுரிமைக்குப் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை முதல் நாவல் வருகிறது, பின்னட்டைக்குப் போட்டோ. அப்புறம் ஒரு பத்திரிகைப் பேட்டி, போட்டோ. என் முகம் எப்போதும் ஏதாவது ஒரு போட்டோவுக்கு ஒத்துப்போக வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து வயதில் முடி தானாகவே கிளம்பிவிட்டது. இப்போது உச்சியில் ஒன்றுமில்லை, காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் வேலி மாதிரி நிற்கிறது.

அந்த நாடகத்தை எழுத ஆரம்பித்தபோது அதில் அக்காதான் எல்லாம். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் கையெழுத்துப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுதும் சந்தோஷத்தில் ஒரு நாள் அவளுக்கு போன் போட்டேன். தோப்பில் மருந்தடித்துக்கொண்டிருந்தாள்.

“உன்னைப் பத்தித்தான் எழுதிக்கினு இருக்கேன்க்கா.”

மருந்தடிக்கிற மோட்டாரை நிறுத்தினாள். “இன்னா, மொட்டை போட்டதா?”

“ஆமா.”

“ஐய. சிரிப்பாங்கடா.”

“சிரிக்க மாட்டாங்கக்கா.”

“அப்போ எழுது” என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நாடகத்தை எடுத்துக்கொண்ட இயக்குநர் ஒரு வெள்ளைக்கார அம்மாள், கெட்டிக்காரர், என்மேல் அன்புள்ளவர். நடிகர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒரு முறை முழுவதும் படிக்கச் செய்தார். முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார்: “அக்கா தலையைக் கொடுக்கிறாள், இவன் ஏன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான்? இந்த இடத்தில் பார்க்கிறவர்களுக்கு இவனைப் பிடிக்காமல் போய்விடும்.” நடந்தது அதுதான் என்றேன். “அப்படியானால் அப்படியே இருக்கட்டும். அவனை எல்லோருக்கும் பிடிக்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்” என்றார்.

பழியை அவர்மேல் போட எனக்கு வழியில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. முப்பது வருடமாக நான் என்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கு அவனை எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்றிருந்தது. ஒரு வாரத்தில் அக்காவை எடுத்துவிட்டேன். எடுப்பது கஷ்டமாக இருக்கும் என்று பயந்தேன், இல்லை. அவள் பேசிய நல்ல வசனங்களை அவனுக்குக் கொடுத்தேன். “சாமிக்கு யார் தலைன்னு என்ன கணக்கு” என்பதை மட்டும் அடித்துவிட்டேன், அது அவன் வாயில் நிற்கவில்லை. என் கதாநாயகன் ஏஜென்ட் சொன்னதைக் கேட்கவில்லை. வேண்டுதல்தான் பெரிது என்று தன் தலையையே கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையோடு விமான நிலையத்தில் போய் நிற்கிறான். அதிகாரி போட்டோவைப் பார்க்கிறார், தலையைப் பார்க்கிறார். அந்தக் காட்சிக்கு ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பேட்டிகளில் கேட்டார்கள், நீங்கள் நிஜமாகவே மொட்டை போட்டுக்கொண்டு வந்தீர்களா என்று. முதல் இரண்டு பேட்டிகளில் சிரித்து மழுப்பினேன். மூன்றாவதில் ஆமாம் என்றேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது.

நாடகம் புத்தகமாக வந்தபோது அக்காவுக்கு ஒன்று அனுப்பினேன். பட்டுப்புடவை வாங்கின ஜவுளிக்கடைக் கவரில் அதைச் சுற்றி பீரோவில் வைத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாளாம், “இதுல நான் இருக்கேன்” என்று. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாரும் அந்தத் தெருவில் உட்கார்ந்து நாடகம் படிக்கப் போவதில்லை. நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

திருப்பதியிலிருந்து ஒரு லெக்சரர், தெலுங்கில் மொழிபெயர்த்துப் போட அனுமதி கேட்டு எழுதினார். பெருமையில் அன்றைக்கே சரி என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. அதற்குள் உள்ளூர் நிருபர் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு தெலுங்குப் பேப்பரில் நாலு வரி எழுதிவிட்டார். அக்காதான் பேப்பரை விடாமல் படிப்பவள் ஆயிற்றே.

எப்படியும் முன்னாலேயே சொல்லிவிடுவது என்று பத்து நாள் முன்னதாக வந்தேன். தோத்தாபுரி மாங்காய் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அக்கா காலையில் ஐந்தரைக்கெல்லாம் தோப்பில் இருப்பாள். கூலிக்காரர்கள் பறித்துப் போடப் போட, அடிபட்ட காயை ஒதுக்கிக்கொண்டே இருப்பாள். ஜூஸ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் மைல் கணக்கில் நிற்கும் காலம் அது. டோக்கன் கிடைத்தால்தான் உள்ளே விடுவார்கள். பேச்செல்லாம் டோக்கன் பற்றித்தான். இரண்டாவது நாள் மாமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, “அக்கா, அந்த நாடகத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“இருடா, நானே கேக்கணும்னு இருந்தேன்” என்றாள். “நான் எப்போ வருவேன்? முதல்லயா, நடுவுலயா? இவளுங்க கேட்டுக்கினே இருக்காளுங்க.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். “நடுவுல” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். வாயில் சோறு இருந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான் காரணம். எழுதுகிறவனுக்கு ஆயிரம் வார்த்தை தெரியும் என்பார்கள். எனக்கு அன்றைக்கு அகப்பட்டது இதுதான்.

நாடகத்தன்றே அவளுக்கு டோக்கன் வந்துவிட்டது. பறித்த காய் தோப்பில் குவிந்து கிடந்தது. டோக்கனை விட்டால் மறுபடி எப்போது வருமோ தெரியாது. நான் சந்தோஷப்பட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். “நீ ஃபேக்டரிக்குப் போக்கா, நாடகம் இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்றேன். அவள் பக்கத்துத் தோப்புக்காரரைக் கூப்பிட்டு டோக்கனைக் கொடுத்துவிட்டாள்.

“காய் ரெண்டு நாள் தாங்கும்டா. நாடகம் தாங்குமா?”

வேன் சித்தூர் தாண்டி, பூதலப்பட்டு தாண்டிப் போயிற்று. பெண்கள் புளிசாதமும் வடையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். தலைக்கு மை அடித்திருந்தாள், பின்னல் நிறையக் கனகாம்பரம். முடி மறுபடி இடுப்பு வரை வளர்ந்திருக்கிறது. “உன் தம்பி எழுதின தலையைக் காட்டணும்னு சிங்காரிச்சுக்கினு வந்துட்டியா?” என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். சந்திரகிரி வரும்வரை நான் மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டே இருந்தேன். திருப்பதி வந்துவிட்டது.

பிற்பகல் மூன்று மணிக்கு நாடகம். ஒரு காலேஜ் ஆடிட்டோரியம், முக்கால்வாசி நிறைந்திருந்தது. என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அக்காவும் பெண்களும் எனக்கு நேர் பின்னால், இரண்டாம் வரிசையில். விளக்கு அணைந்தது. தெலுங்கில் என் வசனங்கள் இங்கிலீஷில் இருந்ததை விட நன்றாகவே இருந்தன. வீட்டுக் காட்சி வந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது.

“நுவ்வு எப்புடு வஸ்தாவு வதினா?” நீ எப்போது வருவாய் அண்ணி என்று.

“நடுவுலயாம்” என்றாள் அக்கா.

மேடையில் அம்மா வந்தாள், நைனா வந்தார், ஏஜென்ட் வந்தார். ஒவ்வொரு முறை பக்கத் திரை அசையும்போதும் பின்னால் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

மொட்டைக் காட்சி வந்தது. டொரண்டோவில் அதற்கு ஒரு பொய்முடி வைத்திருந்தோம். திருப்பதியில் யாருக்கு வேண்டும் பொய்முடி? கதாநாயகனாக நடித்தவர் ஒரு பாங்க் ஊழியர். அவருக்கும் சொந்தமாக ஒரு வேண்டுதல் பாக்கி இருந்ததாம். நிஜ நாவிதர் ஒருவரை மேடையில் உட்காரவைத்து நிஜமாகவே தலையைக் கொடுத்துவிட்டார். அந்த முடியைத் துணியில் முடிந்துகொண்டு போய் மறுநாள் மலையில் சேர்த்துவிடுவதாக ஏற்பாடு. முதல் கற்றை மடியில் விழுந்ததும் கூட்டத்தில் யாரோ “கோவிந்தா!” என்றார்கள். அப்புறம் மொத்த அரங்கமும் “கோவிந்தா, கோவிந்தா” என்றது. என் நாடகத்துக்கு உலகத்தில் எங்கேயும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. பெண்கள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்திருந்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. பிறகு கை மெதுவாக இறங்கியது. மேடையில் இருக்கும் மொட்டை யாருடைய மொட்டை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். நான் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த நாற்காலி சத்தம் போடவில்லை.

நாடகம் முடிந்ததும் லெக்சரர் என்னை மேடைக்கு அழைத்தார். சால்வை போட்டார்கள். கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஒரு மாணவி எழுந்து, “சார், இது உங்க சொந்த அனுபவமா?” என்று தெலுங்கில் கேட்டாள்.

கையில் மைக் இருந்தது. எதிரே, பன்னிரண்டு அடி தூரத்தில், அக்கா இருந்தாள். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைக்காத இடம், கிடைக்காத கூட்டம். என்னுடையதல்ல அம்மா, அதோ அங்கே அரக்குப் புடவையில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுடையது என்று சொல்ல எனக்குத் தெலுங்கு தெரியாதா?

“அவுனு” என்றேன். ஆமாம் என்று. “நானே அனுபவிச்சது.”

எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

வெளியே வேனுக்குப் பக்கத்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி ஒளிவு மறைவு தெரியாதவள், நேராகவே கேட்டாள், நீ எங்கே வதினா, நீ வரவே இல்லையே என்று. நான் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன்.

“நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்” என்றாள் அக்கா. “பொம்பளை மொட்டை அடிக்கிறதை மேடையில காட்டினா நல்லாவா இருக்கும்? என்னை எடுத்துடுடான்னு நானே சொன்னேன். அவன் கேக்கவே இல்லை. நான்தான் பிடிவாதமா எடுக்க வெச்சேன்.”

“அதானே பாத்தேன்” என்றாள் அந்தப் பெண். விஷயம் முடிந்துவிட்டது. அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொருத்திக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டி, “துன்னு, காலையிலேர்ந்து ஒண்ணுமே துன்னலியே” என்றாள். வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தின்றேன்.

மறுநாள் காலையில் தோப்புக்குப் போனேன். டோக்கனை விட்டதால் காய் பழுக்க ஆரம்பித்திருந்தது. அக்கா குவியலுக்கு முன்னால் குந்தியபடி பழுத்ததைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.

“அக்கா, நாளைக்கே மலைக்குப் போய் என் மொட்டையைப் போட்டுட்டு வந்துடறேன்.”

என் தலையை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதுல இன்னாடா இருக்குது குடுக்கறதுக்கு? விடு. அது குடுத்தாச்சு.”

அவள் ஒரு காயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தப் பையன் தலையில கத்தி வெச்சப்போ எல்லாரும் அழுதாங்க இல்லை? நானும்தான் அழுதேன்” என்றாள். “என்னுது போனப்போ யாரும் அழலைடா. நீ சிரிச்சே.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மன்னிச்சுடுக்கா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் டிராக்டர்காரர் வந்து, ஃபேக்டரியில் இனி எடுக்க மாட்டார்கள், மண்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

நான் கிளம்பிய அன்று சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். ஊறுகாய் பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். பஸ் நகரும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“இனிமே எப்பவாவது என்னைப் பத்தி எழுதினா தெலுங்குல எழுதுடா. யாரும் படிச்சுக் காட்ட வேணாம், நானே படிச்சுக்கிறேன்.”

சரி அக்கா என்றேன். பத்தாவது வரை தெலுங்கில்தான் பரீட்சை எழுதினேன். இன்றைக்கு உட்கார்ந்தாலும் தப்பில்லாமல் எழுத வரும்.

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.